கள்ளு விட்ட பாண்

ஏப்ரல் 18, திங்கள்

பேக்கரி இன்றோடு மூடியாயிற்று. மா இல்லை, காஸ் இல்லை, ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. முதலாளி எங்களை வரிசையாக நிற்கவைத்து, "நிலைமை சரிவந்தாக் கூப்பிடுவன் பிள்ளையள்" என்றார். சரிவராது என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். போகும்போது ஆளுக்கு ஒரு பை மாவும் கொஞ்சம் ஈஸ்டும் தந்தார். மூன்று வருடம் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்று பாண் விற்றதற்கு அதுதான் பிரியாவிடை.

வீட்டில் நானும் என்னைப் பெற்ற ஐயாவும்தான். அம்மா செத்துக் கன காலம். ஐயா பனை ஏறுகிறவர். காலையும் மாலையும் ஏறிக் கள்ளு இறக்கித் தவறணைக் கள்ளுக்கடைக்குக் கொடுக்கிறார். பனைகள் எங்களுடையவை அல்ல, ரீச்சர் வீட்டுக் காணியில் நிற்பவை. எங்களுக்குச் சொந்தமானவை கள்ளு இறக்கும் முட்டிகளும் பாளைக்கத்தியும் மரம் உரசி ஐயாவின் நெஞ்சில் விழுந்த காய்ப்பும்தான்.

நாளை முதல் எனக்கு வேலை இல்லை. அதனால் எழுதுகிறேன்.

ஏப்ரல் 20, புதன்

பாண் போட்டேன். பேக்கரியில் நான் பாண் விற்றவள், போட்டவள் அல்ல. ஆனால் அவ்வளவு காலம் போறணை அடுப்புக்குப் பக்கத்தில் நின்றால் கண் படித்துக்கொள்ளும். மா, உப்பு, கொஞ்சம் சீனி, தேங்காயெண்ணெய், ஈஸ்ட், இளஞ்சூட்டுத் தண்ணீர். பலகையில் போட்டு உள்ளங்கையால் தள்ளித் தள்ளிக் குழைத்தேன். தோள்மூட்டு கழன்றுவிடும் போல இருந்தது. ஈரத்துணியால் மூடி வெயில் படும் சுவரோரம் வைத்தேன். பொங்கியது.

போறணைக்கு எங்கே போவது? பெரிய பானையில் மணல் பரப்பி, அதற்குள் பழைய பிஸ்கட் தகரத்தை இறக்கி, மூடிமேல் சிரட்டைத் தணல் கொட்டினேன். அடி கருகியது. மேல் வெளிறிக் கிடந்தது. ஆனால் பாண்தான்.

ஐயா சம்பலோடு தின்றார்.

"எப்பிடி ஐயா?"

"தின்னலாம்."

ஏப்ரல் 23, சனி

மண்ணெண்ணெய் வரிசையில் கன்னியர் மடத்து சிஸ்டர் ஜெசிந்தாவைக் கண்டேன். பேக்கரிக்கு வழக்கமாக வருகிறவர். மடத்து விடுதியில் பிள்ளைகள் காலையும் மாலையும் மரவள்ளிக்கிழங்குதானாம்.

"எங்களிட்ட மா இருக்குப் பிள்ளை. ஆரோ அனுப்பினவை. போட்டுத்தர ஆள்தான் இல்லை. நீர் போடுவீரோ?"

போடுவேன் என்றேன்.

"அந்த ரீச்சர் வீட்டு மகளும் போடுறாவாம். அவவையும் கேட்டிருக்கிறன். வாற மாசம் முதல் சனிக்கிழமை ரெண்டு பேரும் ஒவ்வொரு றாத்தல் பாண் கொண்டுவாங்கோ. பிள்ளையள் திண்டு பாக்கட்டும். ஒராளிட்ட நிரந்தரமாக் குடுப்பம்."

வரிசையில் மிச்ச நேரம் எனக்கு எண்ணெய் ஞாபகமே இல்லை. ரீச்சர் வீட்டு மகள் எதற்குப் பாண் போட வேண்டும்? அவளுக்கு என்ன பசி?

ஏப்ரல் 24, ஞாயிறு

அவள் பெயர் ஆரணி. கொழும்பில் ஏதோ கணக்கு நிறுவனத்தில் இருந்தவள். பெற்றோல் இல்லாததால் வீட்டிலிருந்து வேலை செய்யச் சொல்லிவிட்டார்களாம். வேலைக்கு நடுவில் பொழுதுபோக்குக்குப் பாண். கிணறு கட்டி மிஞ்சிய செங்கல்லில் கொல்லைப்பக்கம் சின்னப் போறணை ஒன்று தானே கட்டியிருக்கிறாள். படமெடுத்துப் போனில் போடுகிறாள். கனடாவிலிருந்து ஆட்கள் "ஆகா" என்று எழுதுகிறார்கள்.

நான் கட்டினால் அது அடுப்பு. அவள் கட்டினால் அது கலை.

என்னைவிட மூன்று வயது மூத்தவள். அவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று சின்ன வயதிலிருந்தே முடிவாகவில்லை. அக்கா என்று வாய் வராது. பெயர் சொன்னால் ரீச்சருக்குப் பொறுக்காது. அதனால் ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

ஏப்ரல் 27, புதன்

ஈஸ்ட் முடிந்தது. ஊரில் ஒரு கடையிலும் இல்லை. ஈஸ்ட் இல்லாமல் குழைத்தால் வருவது பாண் அல்ல, செங்கல்.

ஐயா மத்தியானம் வந்து, மடியிலிருந்து பேப்பர்ச் சுற்று ஒன்றை எடுத்தார். உள்ளே ஒரு துண்டு பாண். பொன்னிறம். ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் தேன்கூடு போலக் கண் கண்ணாக.

"ஆரணிப் பிள்ளை தந்தது. திண்டு பார். அந்தப் பிள்ளை நல்லாப் போடுது."

நல்லா. அந்தச் சொல் அவரிடம் இருந்ததே எனக்குத் தெரியாது.

"அவவுக்கு ஈஸ்ட் எங்காலை?"

"ஈஸ்ட் எங்க கிடக்கு? கள்ளு விட்டுக் குழைக்கச் சொன்னன். அப்பத்துக்கு விடுறமெல்லே, அது மாதிரி. சோக்காப் பொங்கியிருக்கு."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

ஐயா என்னைப் பார்க்கவில்லை. காலில் மாட்டி ஏறும் தளநாரில் ஒட்டியிருந்த சிராய்களைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"உனக்குக் கள்ளு மணம் பிடிக்காதே பிள்ளை."

அவர் பழைய ஒன்றை மனதில் வைத்துத்தான் சொன்னார். பேக்கரியில் சேர்ந்த புதிதில் ஒருநாள் மழை. எனக்குக் குடை கொண்டுவந்தார், பனையால் இறங்கிய கோலத்தோடு, கள்ளு மணத்தோடு. உள்ளே நாலைந்து சனம். நான் "என்ன வேணும்?" என்று கேட்டேன். அவரும் "அரை றாத்தல்" என்று சொல்லி, வாங்கிக்கொண்டு, குடையை வாசலில் சாத்திவிட்டுப் போய்விட்டார். வேலை செய்யும் இடத்தில் ஆயிரம் இருக்கும். அதையெல்லாம் மனதில் வைத்திருப்பதா?

அந்தத் துண்டைத் தின்னவில்லை. பிறகு தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 28, வியாழன்

இன்று மா தொடவில்லை.

ஏப்ரல் 30, சனி

ஐயாவோடு ரீச்சர் வீட்டுக்குப் போனேன். போறணையைப் பார்க்கத்தான். பின்பக்கப் படலையால். ஐயா முன் கேற்றால் போனதை நான் கண்டதில்லை.

வீட்டில் அவர் பொன்னையா. அங்கே பொன்னன். ரீச்சருக்கு ஐயாவைவிட வயது குறைவு. ஆனாலும் "பொன்னன், போத்திலை முருங்கைக்குக் கீழ வை" என்கிறா. கள்ளு வீட்டுக்குள் போகக்கூடாது. அப்பத்துக்கு விடுவார்கள், பாணுக்கு விடுவார்கள், நாக்கில் மட்டும் வைக்கமாட்டார்கள். நாக்கில் வைத்தால் எங்களைப் போல ஆகிவிடுவார்களோ என்னவோ. ஐயாவுக்குத் தேத்தண்ணி பிளாஸ்டிக் கப்பில் வந்தது. எனக்கும். இந்த வீட்டில் மட்டும் பஞ்சத்திலும் பிளாஸ்டிக் கப்புக்குத் தட்டுப்பாடு வரவில்லை.

ஆரணி கையெல்லாம் மாவோடு வந்தாள். "பொன்னையா அண்ணை, இண்டைக்கு நுரை கூட!" என்றாள். போத்திலைத் திறந்து மூக்கருகில் வைத்து மூச்சை இழுத்தாள். "எனக்கு இந்த மணம் சரியான விருப்பம்."

ஐயாவின் முகம் எப்படி மலர்ந்தது என்று எழுத எனக்கு விருப்பமில்லை.

பொன்னன் என்று கேட்டால் எனக்கு ரீச்சர்மேல் கோபம் வரும். அதோடு சரி. 'பொன்னையா அண்ணை' என்று கேட்டபோது வந்தது வேறு. அது இன்னும் போகவில்லை.

வேலியோரம் கவிழ்த்திருந்த முட்டிகளைக் காட்டிக் கேட்டாள்: "இதுக்குள்ள என்ன வெள்ளையாப் பூசிக் கிடக்கு?"

"அது சுண்ணாம்பு பிள்ளை. சுண்ணாம்பு பூசிக் கட்டினா பொங்காது, இனிப்பா நிக்கும். அது கருப்பணி. பனங்கட்டி காய்ச்ச. பூசாமக் கட்டினா கள்ளு."

"அப்ப சுண்ணாம்பு பட்டாப் பாண் பொங்காது?"

"மருந்துக்கும் பொங்காது" என்று சிரித்தார்.

இதெல்லாம் எனக்கு யாரும் விளக்கியதில்லை. பிறந்ததிலிருந்து தெரியும். தெரிந்த பிள்ளைக்கு விளக்கத் தேவையில்லை, அதனால் சிரிக்கவும் தேவையில்லை.

மே 1, ஞாயிறு

"எனக்கும் ஒரு போத்தில் வேணும்" என்று நேற்று இரவு ஐயாவிடம் சொன்னேன். காலையில் அடுப்படிப் பலகையில் இரண்டு போத்தில் இருந்தன. நீல மூடி ரீச்சர் வீட்டுக்கு, சிவப்பு மூடி எனக்கு. தொழிலாளர் தினமாம். எந்தத் தொழிலாளிக்கு?

மே 4, புதன்

நான்காம் முறை. இன்றைக்குக் கொஞ்சம் பரவாயில்லை. கள்ளைச் சீலையில் வடித்து, சீனி போட்டுச் சற்று நேரம் வைத்து, நுரை எழும்பிய பிறகு மாவில் விடவேண்டும். மா கையில் ஒட்டுவது நின்று, காதுச்சோணை போல மெதுவானால் போதும். எனக்கு அது வருகிறது. ஆனால் பானைச் சூடு சமனாக இல்லை. ஒரு பக்கம் எழும்பி மறுபக்கம் படுத்துக்கிடக்கிறது, பக்கவாதம் வந்தவன் வாய் போல.

அவளுடைய மா கொழும்பிலிருந்து வருகிறது. எனக்கு வரிசை மா, சலித்து வண்டு எடுக்கவேண்டும். அவளுக்குப் போறணை, எனக்குப் பிஸ்கட் தகரம். அவளுக்கு என் தகப்பன்.

கடைசி வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை.

மே 6, வெள்ளி

ஐயா இன்றைக்கும் ஒரு துண்டு கொண்டுவந்தார். "நாளைக்கு அந்தப் பிள்ளைக்குத்தான் கிடைக்கும் போல" என்றார்.

"அப்ப நான்?"

"நீயும் போடு. ஆர் வேண்டாமெண்டது?"

அந்தத் துண்டைக் கோழிக்குப் போட்டேன். கோழி ரசித்துத் தின்றது.

மே 7, சனி

காலையில் வேலை அதிகம். அடுப்படி கூட்டினேன். மாவைச் சலித்து வண்டு எடுத்தேன். ஐயா இரண்டு போத்திலையும் பலகையில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குக் குளிக்கப் போனார். அவருடைய வெற்றிலைத் தட்டம் அழுக்காக இருந்தது. கழுவி வெயிலில் காயவைத்தேன். சுண்ணாம்பு வைக்கும் கரண்டகம் காலி. சுண்ணாம்பு வாங்கவேண்டும்.

ஐயா குளித்து வந்து நீல மூடியை எடுத்துக்கொண்டு போனார்.

என் மா மத்தியானத்துக்குள் தகரத்தின் விளிம்பைத் தொட்டுவிட்டது. தணலை இந்தத் தடவை ஓரத்தில் கூட்டி நடுவில் குறைத்தேன். சமனாக வந்தது. இதுவரை போட்டதில் இதுதான் நல்ல பாண். இதை யாரும் மறுக்கமுடியாது.

மே 8, ஞாயிறு

நேற்றுப் பின்னேரம் மடத்தில் நடந்தது.

சிஸ்டர் நீள மேசையில் வெள்ளைத்துணி விரித்திருந்தார். பிள்ளைகள் சுற்றிவர நின்றார்கள். என்னுடையதை முதலில் வெட்டினார். ஆவி வந்தது. அடுத்து ஆரணி தன் கூடையிலிருந்து துணியை விலக்கினாள். ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது.

"சிஸ்டர், இது ரொட்டியோ?"

"மஞ்சள் பூசிக் குளிச்சிருக்கு!"

தட்டையாக, மஞ்சளாக, கல் போல இருந்தது. கத்தி இறங்கவில்லை. சிஸ்டர் சின்னத் துண்டு ஒன்றை உடைத்து வாயில் வைத்து, கைலேஞ்சியில் துப்பினார்.

"என்னம்மா நடந்தது?"

"தெரியேல்லை சிஸ்டர். மத்தியானம் வரைக்கும் பக்கத்தில இருந்து பாத்துக்கொண்டே இருந்தன். அசையவே இல்லை. வேற மாவும் இல்லை. இதையெண்டாலும் கொண்டருவம் எண்டு..." ஆரணி சிரிக்கப் பார்த்தாள். உதடு ஒத்துழைக்கவில்லை.

"வெயில் காணாமப் போயிருக்கும்" என்றேன் நான். நேற்று வெயில் மண்டையைப் பிளந்தது.

பிள்ளைகள் என் பாணைத் துடைத்துவிட்டார்கள். ஒரு சின்னது துணியில் கிடந்த துகள்களை விரலால் ஒற்றி எடுத்தது. "திங்களிலிருந்து நீர்தான்" என்றார் சிஸ்டர்.

திரும்பும் வழியில் ஆரணி என்னோடு நடந்தாள். "உம்மட பாண் நல்லா இருக்குச் சுடர். உண்மையா."

தோற்றால் ஒரு மனுசி எரிச்சல்படவேண்டும். அதுகூடத் தெரியவில்லை அவளுக்கு.

மே 9, திங்கள்

கொழும்பில் அடிபாடாம். பின்னேரம் ஊரடங்கு போட்டுவிட்டார்கள். அதற்கு முன் இங்கே ஒன்று நடந்துவிட்டது.

காலையில் மடத்துக்கு முதல் பாணைக் கொடுத்துவிட்டு, ரீச்சர் வீட்டுப் பின்வேலியோடு வந்தேன். உள்ளே ரீச்சரின் குரல். வகுப்பில் கேட்கும் குரல்.

"பொன்னன், நீ தந்தது கள்ளோ கருப்பணியோ? போத்திலின்ர அடியில சுண்ணாம்பு படிஞ்சு கிடக்கு. நல்ல கள்ளைத் தவறணைக்கு வித்துப்போட்டு எங்களுக்குக் கழுவினதை ஊத்தித் தந்தனியோ?"

வேலிக்கிடையால் ஐயாவின் முதுகு தெரிந்தது. அவர் மஞ்சள் பாணில் ஒரு கிள்ளு வாயில் வைத்திருந்தார். மென்றுகொண்டே நின்றார். நெடுநேரம் மென்றார்.

"முட்டி மாறிப் போச்சு அம்மா" என்றார்.

"மாறிப் போச்சோ? இவ்வளவு காலம் மாறாதது இப்ப மாறினதோ?"

"கண் மங்கிப்போச்சு."

"கண் மங்கினவன் மரத்தில ஏறப்படாது. நாளையிலிருந்து எங்கட பனையில ஏறவேண்டாம். தங்கராசாவை வரச்சொல்லுறன்."

ஆரணி "அம்மா..." என்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

முட்டி மாறுவதாம். இருட்டில் தடவிப்பார்த்தே எந்தப் பனையின் முட்டி என்று சொல்லுகிற மனுசன்.

மே 10, செவ்வாய்

ஊரடங்கு. ஐயா காலையில் வழக்கமான நேரத்துக்கு எழும்பி, முகம் கழுவி, கத்தியைத் தீட்டி, பிறகு கத்தியைச் செருகிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் சாப்பிடும்போது கேட்டார்:

"சுண்ணாம்பு முடிஞ்சுபோச்சுப் போல. வாங்கேல்லையோ?"

"கடை பூட்டு."

"ம்."

கோப்பையோடு கிணற்றடிக்கு எழும்பிப் போனார்.

மே 12, வியாழன்

கள்ளு இல்லாததால் பழைய மாவில் ஒரு பிடி எடுத்துவைத்து அதைப் போட்டுப் பொங்கவைக்கிறேன். வருகிறது. மடத்தில் பிள்ளைகள் என்னைக் கண்டதும் "பாண் அக்கா" என்று ஓடிவருகிறார்கள்.

ஐயா தவறணைப் பக்கம் போய்ச் சீக்கிரமே திரும்பிவிட்டார். வழியில் நான் பின்னால் வந்ததை அவர் காணவில்லை. தங்கராசா உள்ளேயிருந்து கத்தினான்: "பொன்னையாண்ணை, பாத்து! வெத்திலைக்குக் கள்ளைப் பூசிப்போட்டு முட்டிக்குள்ள பாக்கைப் போட்டிடாதை!" எல்லாரும் சிரித்தார்கள். ஐயாவும் சிரித்தார். ஒரு தொழிலாளியைப் பார்த்து இன்னொரு தொழிலாளி சிரிக்கிறான், கேற்றுக்கு உள்ளே இருப்பவர்களுக்குச் சிரிக்கிற வேலையும் மிச்சம்.

இரவுச் சாப்பாட்டுக்கு என் பாணை வைத்தேன். தின்று முடித்து, கை கழுவிவிட்டு வந்து சொன்னார்: "பாண் நல்லா இருக்கு."

இந்தச் சொல்லுக்காகத்தான் இவ்வளவும். வந்துவிட்டது. பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

மே 13, வெள்ளி

ஆரணி எங்கள் வீட்டுக்கு வந்தாள். முதல் தடவை. ஐயா இல்லாத நேரம். கையில் கழுவிய போத்தில், நீல மூடியோடு. கதிரையைத் துடைத்துப் போட்டேன். தேத்தண்ணியைக் கண்ணாடிக் கிளாசில் கொடுத்தேன், வீட்டில் இருந்த ஒரே நல்ல கிளாசில். அவள் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்கவேண்டிய தேவை அவளுக்கு என்றைக்கு இருந்தது?

"சுடர், உம்மட ஐயாவில எனக்குக் கோவம் இல்லை எண்டு சொல்லத்தான் வந்தன்."

"அவர் முட்டி மாறித்தான்..."

"இல்லை." குனிந்து கிளாசைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "முட்டி மாறினா இனிப்பாத்தான் இருக்கும். இது புளிச்ச மணத்தோட இருந்தது. நல்ல கள்ளுக்குள்ள ஆரோ சுண்ணாம்பு போட்டிருக்கு. எனக்கு விளங்கீற்று. அம்மாவுக்குச் சொல்லேல்லை. அவர் உமக்காகத்தானே செய்தவர்."

நான் போத்திலின் நீல மூடியைத் திருகித் திருகி மூடினேன்.

"நான் பள்ளிக்கூடத்தில ஓட்டத்தில ஓடினனான். எங்கட அப்பா இருக்கேக்க ஒருநாளும் வந்து பாத்ததில்லை. வெண்டாச் சரி எண்டுவார். தோத்தா ஏன் எண்டுவார். எனக்காக ஒரு களவு செய்ய ஆர் இருக்கினம், சொல்லும்?" கண் கலங்கியிருந்தது. "உம்மைப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு. இதைச் சொல்ல வெக்கமாவும் இருக்கு."

நான் மறுக்கவில்லை. அவளாக நினைத்ததை நான் ஏன் திருத்தவேண்டும்?

மே 14, சனி

ஆரணிக்கு என்மேல் பொறாமை. ரீச்சர் வீட்டு ஆரணிக்கு. செங்கல் போறணை, கொழும்பு மா, கனடா 'ஆகா', எல்லாம் இருக்கிறவளுக்கு என்மேல். இன்றைக்கு மா குழைக்கும்போது பாட்டு வந்தது. கை நோகவே இல்லை.

மே 16, திங்கள்

மடத்துக்குப் பாண் கொண்டுபோகும் வழியில் பனங்காணி. தங்கராசா எங்கள் மரத்தில் நின்றான். எங்கள் மரம் அல்ல. ஆனாலும் அதில் ஐயாவின் கால் படிந்த அடையாளம் இருக்கிறது. அவனுக்கு அவசரம். பாளையைச் சரிவாகச் சீவாமல் வெட்டி எறிகிறான். பாளை கெட்டுவிடும்.

காணி மூலையில், வேலிக்கு வெளியே, வீதியில் ஐயா நின்றார். மேலே பார்த்துக்கொண்டு. வாய் அசைந்தது. "சரிச்சு, சரிச்சுச் சீவு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், பேக்கரியில் மழைநாளில் நின்ற மாதிரி, யாரோ வழிப்போக்கன் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார். எனக்கு வெட்கமாக இருக்கக்கூடாதாம். அதற்காக.

அவர் எனக்காகச் செய்தது இதுதான். சுண்ணாம்பு அல்ல. ஆரணி தப்பாகப் பொறாமைப்பட்டுக்கொண்டிருக்கிறாள்.

மடத்தில் கூடையை வைத்துவிட்டு, "சிஸ்டர், அண்டைக்கு அவவின்ர கள்ளுக்குச் சுண்ணாம்பு போட்டது நான்" என்றேன். சிஸ்டர் கூடைத் துணியை விலக்கிப் பார்த்தார். "பாண் நல்லாத்தான் இருந்தது பிள்ளை" என்றார். "நீர் அதைச் செய்யாட்டியும் நல்லாத்தான் இருந்திருக்கும்." கூடையை எடுத்துக்கொண்டார். நாளைக்கு வா என்று சொல்லவில்லை.

அங்கிருந்து நேரே ரீச்சர் வீடு. முன் கேற்றைத் திறந்தேன். அது கிறீச்சிட்டது. ரீச்சர் வெளியே வந்தா.

"என்ன இந்தப் பக்கத்தால?"

சொன்னேன். ரீச்சர் சிரித்தா.

"தேப்பனுக்குப் பனை வேணும் எண்டதும் மகள் பழியைச் சுமக்க வந்திட்டா. வீட்டில இருந்து கதைச்சுப்போட்டு வந்திருக்கினம். உங்கட ஆக்களை எனக்குத் தெரியாதே?"

உண்மை சொல்லக்கூட எங்களுக்கு யாராவது சிபாரிசு செய்யவேண்டும். ஆரணி கதவருகில் வந்து நின்றாள். நான் ரீச்சரை விட்டுவிட்டு அவளிடம் சொன்னேன்:

"கரண்டகத்தில இருந்ததை முழுக்க வழிச்சுப் போட்டனான். பெருவிரலால. போத்தில் வாயில ஒட்டினதை என்ர சட்டைத் தலைப்பால துடைச்சனான். ஐயா கிணத்தடியில நிண்டவர். நீங்கள் நாக்கில வைக்கமாட்டியள் எண்டு தெரியும். அதை நம்பித்தான் போட்டனான்."

ஆரணி நம்பிவிட்டாள். எனக்கு அது எப்படித் தெரியும் என்றால், வெள்ளிக்கிழமை எங்கள் கதிரையில் இருந்தபோது அவள் கண்ணில் இருந்தது போய்விட்டது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போனது. என் வாழ்க்கையில் ஒரேயொருத்தி என்மேல் பொறாமைப்பட்டாள், மூன்றே மூன்று நாள்.

"போம்" என்றாள்.

மே 17, செவ்வாய்

வேலை இல்லை. முற்றம் கூட்டினேன். மறுபடியும் கூட்டினேன்.

மே 19, வியாழன்

தங்கராசா வந்து படலையில் நின்று, "அண்ணை, உன்னை நாளைக்கு ஏறச்சொன்னவ" என்றான். ரீச்சர் சொல்லி அனுப்பியிருக்கிறா. ஆரணி ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்து சண்டைபிடித்தாளாம். மன்னிப்பு என்று ஒரு சொல் அந்த மதிலைத் தாண்டி வரவில்லை. வரும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. மடத்துப் பாண் இனி ஆரணி போடுவாள். அதையும் தங்கராசாதான் சொன்னான், சும்மா போகமுடியாமல்.

ஐயா அவனுக்கு வெற்றிலை நீட்டினார். "முதல்ல பாளையைச் சரிச்சுச் சீவப் பழகு, பிறகு என்னைப் பகிடி பண்ணு" என்றார். தங்கராசா தலையைச் சொறிந்துகொண்டு வெற்றிலையை வாங்கினான்.

மே 20, வெள்ளி

காலையில் ஐயா பனையால் வந்தார். அடுப்படிப் பலகையில் இரண்டு போத்திலையும் வைத்தார். சிவப்பு மூடி, நீல மூடி. வெற்றிலைத் தட்டத்தையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். கரண்டகத்தில் புதுச் சுண்ணாம்பு, கழுத்துவரை.

"நான் குளிக்கப் போறன். நீலத்தை நீ கொண்டுபோய்க் குடுத்திட்டு வா."

என்னைத் திரும்பிப் பார்க்காமல் கிணற்றடிக்குப் போனார். வாளி இறங்கும் சத்தம் கேட்டது. அன்றைக்கு அவர் குளித்ததைவிட நெடுநேரம் குளித்தார்.

நீல மூடியைச் சற்றுத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தேன். இறுக்கினால் வெடிக்கும், அவ்வளவு பொங்கல். பின் படலையைத் தாண்டி முன் கேற்றுக்கு வந்தேன். போறணைப் புகை மதிலுக்கு மேலால் போய்க்கொண்டிருந்தது. இன்றைக்கும் அவளுடைய பாண் பொன்னிறமாகத்தான் வரும். நினைக்கவே வயிறு எரிந்தது.

"ஆரணி!" என்று கூப்பிட்டேன்.

வந்தாள். போத்திலை வாங்கினாள். மூடியைத் திறந்தாள், மணக்கவில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, என் கண்ணைப் பார்த்துக்கொண்டே நாக்கில் வைத்தாள். யன்னலுக்குப் பின்னால் ரீச்சர் நின்றா.

ஆரணியின் முகம் சுருங்கியது. "புளிக்குது."

"கள்ளு எண்டாப் புளிக்கும்" என்றேன்.